இடி விழாத நாற்பது நாட்கள்

தன்னடக்கத்தால் ஊருக்குக் கெடுதல் செய்த மனிதர் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் இடி.

கோபத்தால் கெட்டவர்களை எனக்குத் தெரியும். குடியால் கெட்டவர்களையும் சீட்டாட்டத்தால் கெட்டவர்களையும் தெரியும். ஆனால் ஒரு மனிதர் தன் நாக்கை அடக்கிக்கொண்டதால் இன்னொரு மனிதன் கெட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த இன்னொரு மனிதன் நான். சென்ற வாரம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு பெரியவர் 'அன்றாட வாழ்வில் தன்னடக்கம்' என்ற தலைப்பில் பேசினார். அவருக்கு ஒதுக்கியது கால் மணி நேரம். முக்கால் மணி நேரம் பேசினார். தலைவர் மணியை அடித்தார், பிறகு சட்டையைப் பிடித்து இழுத்தார், அப்போதும் உட்காரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு இடியின் ஞாபகம்தான். பழைய கோபமும் புதிதாகக் கிளம்பிவிட்டது. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் இண்டூரில் குடியிருந்துகொண்டு தர்மபுரியில் ஒரு அரசு அலுவலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். அப்போது தர்மபுரி பஸ் நிலையத்தில் தனியார் பஸ் முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து வைத்திருந்த டைம்கீப்பர்தான் இடி. ஞானஸ்நானத்தில் அவருக்கு ஏதோ ஒரு புனிதரின் பெயர் வைத்திருப்பார்கள். அது கோயில் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், தோளில் சிவப்புத் துண்டு. அந்த விசிலை அவர் ஊதி நான் பார்த்ததில்லை. தேவைப்பட்டதும் இல்லை. அவர் சேலம் வண்டியைப் பார்த்துச் சத்தம் போட்டால், பக்கத்தில் நிற்கும் அரூர் வண்டி பயந்து கிளம்பிப் போய்விடும்.

தனியார் வண்டிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேரம் வந்தாலும் ஓட்டுநர்கள் வண்டியை எடுக்க மாட்டார்கள். இன்னும் நான்கு பேர் ஏறட்டும் என்று எஞ்சினை உறுமவிட்டு, ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று தொட்டில் ஆட்டுவார்கள். இவர் எடுத்தால்தான் அடுத்தவர் எடுக்க முடியும். அந்த நிலையம் ஓடியதே இடியின் தொண்டையால்தான்.

"டேய் பென்னாகரம்! என்னாத்துக்குடா இன்னும் நிக்கற? வண்டி முட்ட போட்டிருக்குதா, அடைகாக்கறதுக்கு? எட்றா!"

அவ்வளவுதான். பென்னாகரம் வண்டி மூலையில் திரும்பியிருக்கும். நான் ஒழுங்கை விரும்புகிறவன். தினமும் காலையில் வானொலிச் செய்திக்குக் கைக்கடிகாரத்தைச் சரிவைத்துவிட்டுத்தான் சட்டை போடுவேன். எனவே இடியின் வசைகள் என் காதுக்கு மங்கள வாத்தியம்.

இப்படி இருந்த மனிதரைத்தான் ஒரு பிரசங்கம் கெடுத்தது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்கள் கத்தோலிக்கர்களுக்குத் தபசு காலம். அதன் முதல் நாள் சாம்பல் புதன். சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார். அன்றிலிருந்து சிலர் கறியை விடுவார்கள், சிலர் பீடியை, சிலர் வெற்றிலையை விடுவார்கள். அந்த ஆண்டு சாமியார், "உங்களுக்கு எது ரொம்பப் பிரியமோ, அதை விடுங்கள்" என்று பிரசங்கம் செய்திருக்கிறார். பூசை முடிந்ததும் இடி நேராகப் போய், "எனக்குக் கறி மேல அவ்ளோ ஆசை இல்லீங்க சாமி. எனக்கு ரொம்பப் பிரியமானது திட்டறதுதான். அத வுட்டுடறேன்" என்று சொல்லியிருக்கிறார். சாமியார் சிரித்து, ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். அவர் சிரித்திருக்கக் கூடாது. அந்தச் சாமியார் பஸ்ஸில் போகிறவர் அல்லர். அவருக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது.

மறுநாள் நிலையத்தில் நாங்கள் கண்ட காட்சியை எப்படிச் சொல்வது! சேலம் வண்டி நேரம் தாண்டி நிற்கிறது. இடி நாற்காலியை விட்டு எழுந்தார். முகம் சிவந்தது. வாய் திறந்தது. உடனே பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் நிரப்பிக்கொண்டு, கன்னம் இரண்டும் பூரி போல உப்ப, அப்படியே நின்றார். கோபம் தணியும் வரை தண்ணீரை விழுங்க மாட்டார். விழுங்கினால் வார்த்தை வெளியே வந்துவிடும் அல்லவா! அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு அம்மாள் வந்து, "ஏங்க, தீர்த்தமலைக்கு வண்டி எப்பங்க?" என்று கேட்டால், அந்தப் பூரிக் கன்னங்களைத்தான் பதிலாகப் பெற்றுக்கொண்டு போக வேண்டும்.

தண்ணீர் இறங்கியதும் தோளில் இருந்த துண்டை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். அது என்ன முடிச்சு என்று எங்களுக்கு அப்போது தெரியாது. வேண்டுதல் ஏதோ என்று நினைத்தோம்.

ஓட்டுநர்களுக்கு விஷயம் புரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டு முதல் சாம்பல் புதன் எந்தத் தேதி என்பது கோயிலுக்குத் தெரிவதற்கு முன்பே பஸ் நிலையத்துக்குத் தெரிந்தது. இடியின் நெற்றியில் சாம்பலைக் கண்டதும் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் எல்லா ஓட்டுநர்களும் டீக்கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக் கண்டக்டர் ஒருவர், அவசரப்பட்ட பயணி ஒருவரிடம், "சும்னிரப்பா. தபசு நடக்குது" என்று சமாதானம் சொன்னதை நானே கேட்டேன். ஒரு மனிதர் விரதம் இருந்தார். பட்டினி கிடந்தது நாங்கள். தன்னடக்கம் என்றால் தன் வீட்டுப் பாலைத் தான் குடிக்காமல் இருப்பது. ஊரார் மாட்டை அவிழ்த்துவிடுவது அல்ல.

இடியின் மனைவி மதியம் தூக்கில் சோறு கொண்டு வருவார். ஒருநாள் அவரிடம் குறைபட்டுக்கொண்டேன்.

"நீங்களாச்சும் சொல்லக் கூடாதாம்மா?"

"நான் சொல்றதாவது! வூட்லயும் அதே கததாங்க சார். கொழம்புல உப்பில்லைன்னாலும் கன்னத்த உப்பிக்கினு உக்காந்துக்கறாரு. நாப்பது நாளும் வூடு வூடாவே இல்லீங்க. திட்டுனா என்னா கோவம்னு தெரியும். இப்ப என்னா நெனக்கறாருன்னே தெரியல. பயமா இருக்குதுங்க."

முடிச்சுகளின் ரகசியம் அந்த முதல் ஆண்டு ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை வெளிப்பட்டது. இடி காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நிலையத்தின் நடுவே வந்து நின்றார். தோளில் துண்டு புளியங்காய்க் கொத்து மாதிரி முடிச்சு முடிச்சாகத் தொங்கியது. முதல் முடிச்சை அவிழ்த்தார்.

"டேய் அரூரு! தபசு மொத வாரம், வெள்ளிக்கெழம, காலைல! டீ குடிக்கப் போனவன் டீக்கடைக்காரனுக்கு மருமவனாவே ஆயிட்டியாடா?"

தொடங்கியது. நாற்பது நாள் பாக்கியும் ஒவ்வொரு முடிச்சாக, வரிசை மாறாமல், உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றையும் அவர் மறக்கவில்லை. ஓட்டுநர்கள் சுற்றி நின்று, தங்கள் முறை வரும்போது தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் சிலர் அதற்காகவே விடுமுறை நாளிலும் வந்தார்கள். அன்று முடிச்சு எல்லாம் தீர்ந்த பிறகு ஒரு இளம் ஓட்டுநர், "ஏண்ணா, எனக்கு ஒண்ணுங் கெடையாதா?" என்று முகம் வாடிக் கேட்டான். "நீ நேரத்துக்கு எட்த்தடா" என்றார் இடி. "அடுத்த வருசம் பாக்கலாம்" என்று அவன் வருத்தத்தோடு போனான்.

எனக்குப் பற்றி எரிந்தது. அடக்கம் என்பது இதுவா? கோபத்தை விட்டுவிட்டதாகச் சொன்ன மனிதர் அதை முடிந்து வைத்திருந்தார், ஊறுகாய் போல. நேரத்தில் திட்டியிருந்தால் வண்டி போயிருக்கும். ஈஸ்டருக்கு மறுநாள் திட்டினால் யாருக்கு லாபம்? போன மாதம் போக வேண்டிய பஸ் இந்த மாதம் போகுமா?

இதை நான் பொதுநல நோக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அது என் சொந்த விஷயமாக ஆனது.

எங்கள் துறையில் பதவி உயர்வுக்கு ஒரு தேர்வு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, சேலத்தில், எந்தப் புண்ணியவான் வகுத்தானோ, மார்ச் மாதத்தில். ஓராண்டாக நான் படித்தது என் மனைவிக்குத் தெரியும், அடுத்த வீட்டாருக்குத் தெரியும், எதிரொலியால் எதிர்வீட்டாருக்கும் தெரியும். என்னைப் போன்ற ஒழுங்கு மனிதன் முதல் நாளே சேலம் போய்த் தங்கியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் நாள் விடுப்புக் கொடுக்கவில்லை. எனவே மறுநாள் விடிந்ததும் இண்டூரில் முதல் வண்டியைப் பிடித்துத் தர்மபுரிக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து நேரத்துக்குச் சேலம் போய்ச் சேரக் கூடியது ஒரே ஒரு வண்டி. அதன் ஓட்டுநர் பெயர் மைனர்.

மைனர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டீக்கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தார். பென்னாகரத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வருகிறதாம், அது வந்தால்தான் எடுப்பாராம். நான் அருகில் போய், "ஐயா, தயவுசெய்து வண்டியை எடுக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"டைம்கீப்பரே பேசாம இருக்கறாரு. நீங்க என்னாத்துக்கு சார் பதர்றீங்க? ஒரு போண்டா சாப்புடுங்க."

இடியிடம் ஓடினேன். "எனக்குப் பரீட்சை. இவனைக் கொஞ்சம் கிளப்பிவிடுங்கள்" என்று சொன்னேன். இடி என்னைப் பார்த்தார். மைனரைப் பார்த்தார். முகம் செம்பருத்தி ஆனது. கை சொம்புக்குப் போனது. கன்னங்கள் உப்பின. உப்பிய கன்னங்களோடு என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார்.

கல்யாணக் கூட்டம் வந்தது. வண்டி போனது. சேலத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது தேர்வுக் கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே நின்ற எனக்கு, உள்ளே பேனாக்கள் ஓடுவது கேட்பது போல இருந்தது. திரும்பி வந்து, என் வாழ்நாளில் யாரிடமும் காட்டாத கோபத்தை, குரலை உயர்த்தாமல், இடியிடம் காட்டினேன்.

"உங்கள் விரதத்துக்கு என் வாழ்க்கையா கிடைத்தது?"

அவர் பதைத்துப் போனார். "சார், சார்... ஒங்களுக்காகப் பெரிய முடிச்சாப் போட்டு வெச்சிருக்கறனுங்க. மைனர வுட மாட்டேன். ஈஸ்டர் முடியட்டும், பாருங்க."

ஈஸ்டருக்கு மறுநாள் என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, மைனரை நிற்கவைத்து, அவருடைய கறுப்புக் கண்ணாடியில் தொடங்கி கொள்ளுத்தாத்தா வரை போனார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். மைனருக்கே கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் மனம் குளிர்ந்திருப்பேன் என்று. எனக்கு நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு ஓராண்டு நான் இடியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் "வணக்கம் சார்" என்பார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போவேன்.

மறு ஆண்டு மார்ச் வந்தது. மறுபடி தபசு. மறுபடி தேர்வு. எனக்கு அதுதான் கடைசி முறை. அதைத் தாண்டினால் வயது வரம்பு என்னைத் தாண்டிவிடும். இம்முறை முதல் நாளே போகத் துணிமணி எடுத்து வைத்திருந்தேன். மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவளை அப்படியே விட்டுவிட்டு வெளியூரில் தங்க மனம் வரவில்லை. மறுநாள் காலை, மருந்து கொடுத்துவிட்டு, அதே நிலையத்தில், அதே வண்டிக்கு எதிரே நின்றேன். அதே மைனர், அதே போண்டா. இம்முறை கல்யாணக் கூட்டம் இல்லை, புளி மூட்டைகள். வண்டியின் கூரையில் ஏற்ற யாரோ மாட்டு வண்டியில் கொண்டு வந்துகொண்டிருந்தார்களாம்.

இடியிடம் நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வைராக்கியம். நுழைவுச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். சீட்டைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாக்களைப் பார்த்தார். சொம்பை எடுத்தார். கன்னம் உப்பியது. 'சரி, போயிற்று' என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

'புளிச்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், தண்ணீர் தரையில் கிடந்தது.

"டேய் மைனரு! புளிக்கு என்னாடா அவசரம், அது போய்ப் பரீட்ச எழுதுதா? அந்த மனுசன் ஒரு வருசமா எங்கூடப் பேசலடா! இன்னிக்கு இவரு சேலம் போய்ச் சேரலன்னா, நான் உன்ன... எட்றா வண்டிய! போண்டாவ வாய்லயே வெச்சிக்கினு எட்றா!"

அந்த ஊரில் அப்படி ஒரு இடி அதற்கு முன்பும் விழுந்ததில்லை, பின்பும் விழுந்ததில்லை. காக்கைகள் எழுந்தன. டீக்கடைக்காரர் பாய்லர் மூடியைக் கீழே போட்டார். அரூர் வண்டி கண்டக்டரை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது. இன்னும் நேரமே ஆகாத பாலக்கோடு வண்டியும் கிளம்பியது. மைனர் நிஜமாகவே வாயில் போண்டாவோடு வண்டியை எடுத்தார். தொப்பூர்க் கணவாய் வரை அதை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

நான் தேர்வு எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து நன்றி சொல்லப் போனேன். நன்றி சொல்ல என்றுதான் போனேன், ஆனால் வாயைத் திறந்தால் கோபம்தான் வந்தது. "உங்களை யார் விரதத்தை முறிக்கச் சொன்னது? நான் கேட்டேனா?" இடியின் வாயில் தண்ணீர் இருந்தது. சோறு கொண்டு வந்திருந்த அவர் மனைவிதான் சொன்னார்.

"நேத்துலருந்து மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிச்சிருக்கறாருங்க சார். முறிச்சதுக்குப் பரிகாரமாம். புதுசா நாப்பது நாள். சாமியாரே வேணாங்கறாரு. இவரு கேட்டாத்தான?"

"அப்படியென்றால் ஈஸ்டருக்கு மறுநாள்?"

"கெடையாதுங்க. அதுக்கும் மேல போவுது." பிறகு அந்த அம்மாள் கணவரின் தோளிலிருந்து துண்டை உருவி என்னிடம் காட்டினார். புது முடிச்சுகளுக்கு நடுவே பழசாக, அழுக்கேறி, கல் மாதிரி இறுகி ஒரு முடிச்சு. "இது போன வருசத்ததுங்க. தொவைக்கறப்பக்கூட அவுக்க வுடல. மைனருக்குப் போட்டதான்னு கேட்டன். அவனுக்குப் போட்டத அப்பவே அவுத்தாச்சு, இது எனக்கே நான் போட்டுக்கினதுன்னாரு."

இடி துண்டைப் பிடுங்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி என்ன என்று தெரியவில்லை.

அந்த ஆண்டு ஈஸ்டருக்கு மறுநாள் ஓட்டுநர்கள் வழக்கம்போல் கூடினார்கள். இடி உப்பிய கன்னங்களோடு வந்து நின்று, இல்லை என்று கையை ஆட்டினார். அவர்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. திருவிழாவில் தேர் ஓடாத ஊர் போல ஆகிவிட்டது நிலையம். வசை இல்லாத வருத்தத்தில் மைனர் போய் டீக்கடையில் உட்கார்ந்தார். சேலம் வண்டி நேரம் தாண்டி நின்றது. இடியின் கை துண்டுக்குப் போனது.

அப்போது யாரோ கத்தினார்கள்.

"ஏய் மைனர்! வண்டியை எடுய்யா!"

கத்தியது நான்தான். குரல் நடுவில் உடைந்து, கடைசியில் கீச்சென்று முடிந்தது. நிலையம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மைனர் சிரித்தார், ஆனால் எழுந்தார். இடி தண்ணீரை மெதுவாக விழுங்கிவிட்டு என் அருகில் வந்தார்.

"தொண்டைலருந்து கத்தறீங்க சார். ரத்தம் வந்துடும். அடிவயித்துலருந்து வரணுமுங்க."

அவருடைய புதிய நாற்பது நாட்கள் முடியும் வரை, தினமும் காலையில் அலுவலகம் போகுமுன் அவர் பக்கத்தில் நின்று அவர் விரல் காட்டும் வண்டியைப் பார்த்து நான்தான் கத்தினேன். பாலக்கோட்டுக்குக் கத்தினேன், பென்னாகரத்துக்குக் கத்தினேன். அலுவலகத்தில் தொண்டைக்குப் பனங்கற்கண்டு வாங்கி வைத்திருந்தேன். அதற்காக எனக்குக் கோபம் இன்னும் உண்டு. ஒருவர் விரதத்தை ஒருவர் சுமக்கச் சொல்லி எந்த வேதத்திலும் எழுதவில்லை.

அவர் விரதம் முடிந்த அன்று பார்த்து, முதல் முறையாக நான் நிலையத்துக்குத் தாமதமாக வந்தேன். இண்டூரில் வண்டியை எடுக்கச் சொல்லி யாரும் கத்தவில்லை. தர்மபுரியில் இறங்கியதும் இடி தெரிந்தார். தோளில் துண்டு ஒரு முடிச்சும் இல்லாமல் விரிந்து கிடந்தது. நிலையத்தின் நடுவே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, விரதம் விட்ட முதல் இடியை என் தலையில் இறக்கினார்.

"ஏன் சார் லேட்டு? இத்தன நாளு கத்திட்டு, நான் வாயத் தொறக்கற அன்னிக்குத்தான் லேட்டா வரணுமா? ஒங்களுக்காகத்தான் இவ்ளோ நேரம் அடக்கிக்கினு நிக்கறன்!"

தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றேன். என் தகப்பனார் போன பிறகு என்னை ஒருவர் உரிமையோடு திட்டியது அன்றுதான்.